மாறாத வரிசையில் ஒரு மாற்றம்

ரோகிணிக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ‘இது நடக்கவே நடக்காது’ என்று அடித்துச் சொன்னால், உடனே அவர்களுடைய காலைப் பார்ப்பாள். வாய் எதைச் சொன்னாலும், கிளம்பத் தயாராக இருக்கிற ஆளின் கால் வாசல் பக்கம் திரும்பியிருக்கும் என்பது அவளுடைய நம்பிக்கை.

பத்ரிநாத்தின் இரண்டு கால்களும் வாசலைப் பார்த்திருந்தன.

“மாத்தவே முடியாது மேடம்,” என்றார் அவர், மறுபடியும். “அந்த முறை வரிசைய நாங்க டூப்பிளா வச்சிருக்கோம். கம்ப்யூட்டர்ல லிஸ்ட்டுன்னு ஒண்ணு உண்டு. அதுல சேர்க்கலாம், எடுக்கலாம், இடம் மாத்தலாம். டூப்பிள் அப்படி இல்ல. ஒரு தடவ செஞ்சா செஞ்சதுதான். கல்வெட்டு.”

“டூப்புன்னு பேரு வச்சிக்கிட்டு இம்புட்டு நம்பிக்கையாப் பேசுறீங்களேண்ணே,” என்றான் அழகுபாண்டி.

பத்ரிநாத் சிரிக்கவில்லை. அழகுபாண்டி சொல்வதற்கு முதல் தடவை யாரும் சிரிப்பதில்லை. அவனும் அதற்காக வருத்தப்படுவதில்லை. கோச்சடையில் ரோகிணி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் அவன்தான் உதவியாளன், டிரைவர், டீ வாங்குகிறவன், வாய். பெரும்பாலும் வாய்.

ஒத்தக்கடையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருந்தது பத்ரிநாத்தின் கம்பெனி. ஜன்னல் முழுக்க யானைமலை. உள்ளே மூன்று மேஜை, அதில் ஒன்று காலி. அந்தக் காலி மேஜைக்குச் சொந்தக்காரி ஸ்ரீவர்ஷினி, வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் ரோகிணிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்று வரை வேலை பார்த்த இடத்தில் இன்று விருந்தாளி. விருந்தாளிக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

தண்ணீர்தான் விவகாரமே.

மேலூருக்குப் பக்கத்தில் கருங்காப்பட்டி என்று ஒரு ஊர். அந்த ஊர்க் கண்மாய்த் தண்ணீர் நான்கு கரைக்கும் பாய வேண்டும். கரை என்றால் பங்காளிக் கூட்டம். ஒவ்வொரு கரையிலும் சில குடும்பங்கள். எந்தக் கரைக்கு முதலில், கரைக்குள் எந்தக் குடும்பத்துக்கு முதலில் என்பதை நாற்று நடுவதற்கு முன்னால் கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அறுவடை வரைக்கும் அதுதான் முறை. போன வருஷம் வரை அந்த முறையைச் சண்டை போட்டுக் காப்பாற்றினார்கள். இந்த வருஷம் பத்ரிநாத்தின் கம்பெனி மடைகளுக்கு மோட்டார் வைத்த ஷட்டர் போட்டு, அவற்றை வரிசைப்படி திறந்து மூட ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும் வைத்துக் கொடுத்தது. பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதியவள் ஸ்ரீவர்ஷினி.

நேற்றுக் காலை, நடுக்கரை என்கிற கூட்டத்தில் சோணையம்மாளின் மடை திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. உக்கிரபாண்டியின் மடை திறந்தது. பெட்டியைப் பார்த்தால், இரண்டாவதாக இருந்த சோணையம்மாள் கடைசியில் இருக்கிறாள். கடைசியில் இருந்த உக்கிரபாண்டி இரண்டாவதில். கடைசி முறை வருவதற்குள் கண்மாய் வற்றிவிடும். கதிர் பால் பிடிக்கிற நேரம். இப்போது தண்ணீர் இல்லையென்றால் வயல் முழுக்கப் பதர்தான்.

மாற்ற முடியாத வரிசை மாறியிருந்தால் புரோகிராமையே மாற்றியிருக்க வேண்டும். அதன் பாஸ்வேர்டு ஸ்ரீவர்ஷினியிடம் மட்டுமே உண்டு என்று பத்ரிநாத் ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டார். உக்கிரபாண்டியிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டாள் என்று ஊர் பேசியது. இன்று சாயங்காலம் மேலூர் போலீஸ் ஸ்டேஷனில் அவள்மேல் புகார் கொடுக்கப் போவதாகச் சோணையம்மாளின் மகன் அருள்பாண்டி போனில் சொல்லியிருந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், காலையில் அழுதபடி கோச்சடைக்கு வந்து ரோகிணியின் கதவைத் தட்டியது அதனால்தான்.

“சார், ஒரே ஒரு தடவ என் லேப்டாப்பத் திறந்து பாக்க விடுங்க,” என்றாள் ஸ்ரீவர்ஷினி. “வெளியவும் டூப்பிள், உள்ளயும் டூப்பிள்தான் போட்டேன். காட்டுறேன்.”

‘உள்ளயும்’ என்றபோது பத்ரிநாத் உருட்டிக்கொண்டிருந்த பேனா நின்றது. பிறகு வேகமாக உருண்டது.

“போலீஸ் வந்து பாக்கட்டும்மா. நான் திறந்தா, நான்தான் மாத்திட்டேன்னு சொல்லுவாங்க.”

அவருடைய போன் அடித்தது. எழுந்து ஜன்னலோரம் போய்த் தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிராவில் தணிந்த குரலில் பேசினார். ரோகிணிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அதே மொழியில் பிறந்து வளர்ந்த ஸ்ரீவர்ஷினியின் முகம் வாடியதைப் பார்த்தாள்.

கீழே இறங்கிக் காரில் ஏறியதும் ரோகிணி கேட்டாள், “என்ன சொன்னாரு?”

“நாளைக்கு வேற ஒரு ஊர்ல டெமோ இருக்காம். இந்த விஷயம் அங்க தெரியக் கூடாதாம். ‘பொண்ணு பண்ண தப்பு, மெஷின் தப்பு இல்லன்னு சொல்லிரு’ன்னு சொன்னாரு மேடம்.”

“நல்ல மனுசன்,” என்றான் அழகுபாண்டி, மேலூர் ரோட்டில் வண்டியைத் திருப்பியபடி. “மெஷினுக்காக இம்புட்டு உருகுறாரே.”

ரோகிணி பின்னால் திரும்பி உட்கார்ந்தாள். “எனக்குக் கம்ப்யூட்டர்ல பாட்டு கேக்க மட்டுந்தான் தெரியும். டூப்பிளை மாத்த முடியாதுன்னா, மாத்தணும்னு நெனைக்கிறவன் என்ன செய்வான்?”

“புதுசா இன்னொரு டூப்பிள் செய்யணும் மேடம். அதுக்குப் பழைய பேரையே வச்சிட்டா, வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.”

“எங்க மாமா ரெண்டாவதாக் கட்டுன அத்தையவும் நாங்க அத்தைன்னுதான் கூப்பிடுறோம்,” என்றான் அழகுபாண்டி. “பேரு அதே, ஆளு வேற.”

“ஆனா கண்டுபிடிக்கலாம்,” என்றாள் ஸ்ரீவர்ஷினி. அழுது வீங்கிய முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் உயிர் வந்தது. “உள்ள ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடையாள எண் உண்டு. புதுசா செஞ்சு மாத்தி வச்சா அந்த எண் வேறயா வரும். பெட்டி ஸ்கிரீன்ல கீழ அந்த எண் தெரியுற மாதிரி நான்தான் வச்சிருக்கேன். பெட்டி நிக்காம ஓடுற வரைக்கும் அது மாறாது.”

“நடுவுல நிறுத்துனாங்களா?”

“இல்ல. சோலார் பேட்டரி. நிறுத்தியிருந்தா அதுவும் ஸ்கிரீன்ல வரும்.”

“அப்ப முதல் நாள் எண்ணும் இன்னிக்கு எண்ணும் ஒண்ணா இருந்தா, நீ புரோகிராமைத் தொடலைன்னு அர்த்தம். முதல் நாள் எண் என்ன?”

முகத்தில் வந்த உயிர் போய்விட்டது. “எழுதி வைக்கலையே மேடம்.”

ரோகிணி சாலையோரக் கோயில் ஒன்றைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “பெட்டி வச்ச அன்னிக்குப் பூஜை போட்டாங்களா?” என்றாள்.

“போட்டாங்க. மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம் எல்லாம்.”

“பூஜை போட்டா போட்டோ எடுக்காம விட்டிருக்க மாட்டீங்களே?”

ஸ்ரீவர்ஷினி போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் கிடைத்தது. ஸ்கிரீனின் நடுவில் சாமந்தி மாலை தொங்கியது, மேலே மூன்று சந்தனப் பொட்டு. ஆனால் மாலைக்குக் கீழே, ஓரத்தில், அந்த எண் முழுதாகத் தெரிந்தது.

“அன்னிக்குப் புரோகிராமைப் பெட்டியில ஏத்துனது நீயா?”

“இல்ல மேடம். சார்தான் விடிகாலையிலயே போய் ஏத்திட்டாரு. நான் பூஜைக்குத்தான் போனேன். அதுக்கப்புறம் அந்த ஊருக்கே போகல.”

“பாஸ்வேர்டு உன்கிட்ட மட்டுந்தான் இருக்குன்னாரு?”

ஸ்ரீவர்ஷினி விழித்தாள். “பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் கேட்டாரு, குடுத்தேனே.”

“அடேயப்பா,” என்றான் அழகுபாண்டி. “கல்வெட்டு வாத்தியாருக்கு அதுக்குள்ள மறந்து போச்சு.”

கருங்காப்பட்டிக் கண்மாய்க் கரையில் ஒரு சின்ன சிமென்ட் அறைக்குள் பெட்டி இருந்தது. காய்ந்த மாலை இன்னமும் ஆணியில் தொங்கியது. கதவில் பூட்டு இல்லை; சாமி கும்பிட்ட இடத்தைப் பூட்டக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்பது ரோகிணிக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய சந்தேகப் பட்டியலில் ஊரே ஏறி உட்கார்ந்தது.

ஸ்ரீவர்ஷினி போன் படத்தை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள்.

“அதே எண் மேடம். அதே டூப்பிள்தான். யாரும் மாத்தல.” சொல்லிவிட்டு ஸ்கிரீனின் நடுவில் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. “ஆனா பேரு இடம் மாறியிருக்கே.”

அதுதான் சிக்கல். பூட்டு உடையவில்லை, சாவியும் தொலையவில்லை, ஆனால் வீட்டுக்குள் சாமான் இடம் மாறிக் கிடந்தது. ரோகிணி வரிசையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கோயில் வாசலில் குலுக்கிய வரிசையை ஸ்ரீவர்ஷினி மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, ஒப்பிட்டுப் பார்த்தாள். நடுக்கரையில் இரண்டு பெயர் மட்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று. மற்ற யாரும் ஒரு அங்குலம் நகரவில்லை.

“திருட வந்தவன் இவ்வளவு நாசூக்காவா நடப்பான்?” என்றாள். “உக்கிரபாண்டிக்குச் சீக்கிரம் தண்ணி வேணும்னா முதல் இடத்துக்கே தூக்கியிருக்கலாமே. இது கலைச்ச மாதிரி இல்ல. பண்டமாத்து மாதிரி இருக்கு.”

அழகுபாண்டி ஸ்கிரீனுக்கு மூக்கைக் கொடுத்து நின்றான். “அக்கா, கரைய எல்லாம் வெளிய சுத்தி வளைவாக் கோடு போட்டுருக்கு. ஆனா ஒவ்வொரு கரைக்குள்ளயும் ஆளுகளைக் கட்டமாக் கோடு போட்டு அடைச்சிருக்கு. அது என்ன ரெண்டு வேலி?”

ஸ்ரீவர்ஷினி அவனை நகர்த்திவிட்டுப் பார்த்தாள். ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இது நான் போட்டது இல்ல. வளைவுன்னா டூப்பிள். கட்டம்னா லிஸ்ட்டு. நான் எல்லாத்துக்கும் வளைவுதான் போட்டேன். யாரோ உள்ள இருக்குறத லிஸ்ட்டா மாத்தியிருக்காங்க.”

“அப்ப?”

“அப்ப கரை வரிசை மாறாது. ஆனா கரைக்குள்ள இருக்குற குடும்பங்கள இடம் மாத்தலாம். வெளிய எண் அதேதான் காட்டும். டூப்பிள் மாறாதுன்னா உள்ள இருக்குறதும் மாறாதுன்னு நெனைச்சு எத்தனையோ பேரு ஏமாந்திருக்காங்க மேடம். எனக்கு இது காலேஜ்ல சொல்லிக் குடுத்தது. ஆனா நான்தான் லிஸ்ட்டே போடலையேன்னு அந்தப் பக்கம் யோசிக்கவே இல்ல.”

“எங்க தெரு மாதிரின்னு சொல்லு,” என்றான் அழகுபாண்டி. “தெருவுல வீட்டு வரிசை மாறாது. ஆனா வீட்டுக்காரம்மா வருசா வருசம் குடிய மாத்திரும்.”

ரோகிணி ஏற்கெனவே பத்ரிநாத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

“சார், பெட்டி முன்னாடிதான் நிக்கிறேன். கட்டம் கட்டமாத் தெரியுது. பூஜைக்கு அன்னிக்கு விடிகாலையில நீங்கதான் ஏத்துனீங்களாமே. போலீஸ் வந்து பாக்கட்டும்னு சொன்னீங்க. கூப்பிடவா?”

மறுமுனையில் நாற்காலி நகர்ந்து கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“மேடம், ஊர்ப் பெரியவங்க கேட்டாங்க,” என்றார் கடைசியில். “கரைய மாத்தக் கூடாது, ஆனா கரைக்குள்ள பங்காளிங்க ஒருத்தருக்கொருத்தர் முறையை மாத்திக்கிறது எங்க உரிமை, அது இல்லைன்னா பெட்டியே வேணாம்னுட்டாங்க. அவசரமா நானே உள்ள லிஸ்ட்டாப் போட்டேன். ஒருத்தர் போன்ல இருக்குற ஆப்பு வழியாக் கேக்கணும், அடுத்தவர் போன்ல சம்மதம்னு அமுக்கணும். ரெண்டும் சேர்ந்தா இடம் மாறிரும். யார் எப்ப கேட்டாங்கன்னு பதிவு வைக்கல. அவசரத்துல விட்டுட்டேன். அதான் நான் யாருக்கும் குடுக்கலன்னு சோணையம்மா சொன்னதும், ஊரு புரோகிராமைச் சந்தேகப்பட்டுருச்சு.”

“இது ரெண்டு போன்லயே நடந்திருக்கலாம்னு ஊர்ல சொல்லியிருந்தா இந்தப் பொண்ணு காலையில என் வாசல்ல அழுதிருக்காதே.”

“நாலு ஊர்ல கல்வெட்டுன்னு சொல்லி வித்துட்டேன் மேடம்.”

ரோகிணிக்கு வந்த கோபத்தில் போனை அமர்த்தும்போது நகம் உடைந்தது. ஸ்ரீவர்ஷினி தரையைப் பார்த்து நின்றாள். தன்னை நம்பி வேலை கொடுத்தவர் என்று அவரைப் பற்றிக் காலையில் சொன்னவள் அவள்தான்.

ஆனால் பத்ரிநாத் கோழை மட்டும்தான். மாற்றியவர் அவர் இல்லை. மாற்றியது இரண்டு போன்கள், ஒன்று உக்கிரபாண்டியினுடையது.

உக்கிரபாண்டி தன் வயல் வரப்பில் மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவர் காலடியில் தண்ணீர் சளசளவென்று ஓடியது. ஆனால் தண்ணீர் பாய்கிற வயலின் சொந்தக்காரர் முகமாக அது இல்லை. ஊர் தன்னைப் பார்க்கிற விதம் அவருக்குத் தெரிந்திருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியாது. மடை தொறந்துச்சு, பாயுது,” என்றார்.

“உங்க போன்ல சம்மதம்னு அமுக்கினீங்களே, அதுவும் தெரியாதாண்ணே?” என்றாள் ரோகிணி.

மண்வெட்டிப் பிடியில் அவருடைய கை இறுகியது. அழகுபாண்டி ஒரு அடி பின்னால் நகர்ந்தான். “நான் சும்மா பின்னாடி வரப்பு நல்லாருக்கான்னு பாக்குறேன்,” என்றான்.

“கரைக்குள்ள குடுக்குறது வாங்குறத வெளியாளுககிட்ட பேசுறது இல்ல,” என்றார் உக்கிரபாண்டி.

“அப்ப இந்தப் பிள்ளை போலீஸுக்குப் போகட்டுமா?”

அவர் ஸ்ரீவர்ஷினியை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டார். மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“சோணையம்மா பேருலருந்து போன்ல வந்துச்சு. முறைய மாத்திக்கிறீகளான்னு. நான் அமுக்குனேன். இப்ப அவ, நான் குடுக்கவே இல்லைங்குறா. நான் என்ன செய்ய? புருசன் இல்லாத பொம்பளைய ஊருக்கு முன்னாடி நிறுத்தி, இவ பொய் சொல்றான்னு சொல்லச் சொல்றீகளா? அதுக்கு என்னையத் திருடன்னே சொல்லிட்டுப் போகட்டும்.”

“அவங்க நேர்ல உங்ககிட்ட பேசினாங்களா?”

“எங்க பேச? அவ வீட்டுக்காரன் செத்ததுலருந்து அந்த வீட்டுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்ல.”

“பேச்சு இல்லாதவங்க எதுக்குத் தண்ணி விட்டுக் குடுக்கணும்?”

உக்கிரபாண்டி ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். “சமாதானத்துக்கு வாராகன்னு நெனைச்சேன்,” என்றார் மெதுவாக. “சந்தோசத்துல யோசிக்காம அமுக்கிட்டேன்.”

ரோகிணிக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் பிடிபட்டது. வேறு யாரோடு மாற்றியிருந்தாலும் அன்று சாயங்காலமே, ‘எதுக்குத்தா முறைய விட்டுக் குடுத்த’ என்று சோணையம்மாளிடம் கேட்டிருப்பார்கள். கேட்காத ஒரே ஆளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள். அந்த வீட்டுச் சண்டை தெரிந்த ஆள், வெகு நன்றாகத் தெரிந்த ஆள்.

“அண்ணே, போனை எடுத்துக்கிட்டு என்கூட வாங்க,” என்றாள்.

பெட்டி இருந்த அறைக்கு முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. மேலூர் போக இரண்டு பைக் தயாராக நின்றன. நடுவில் அருள்பாண்டி. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஊருக்கே கேட்கிற குரல்.

“இந்தா வந்துட்டா. எங்கம்மா வயித்துல அடிச்சவ. ஏத்துங்கய்யா வண்டியில.”

ஸ்ரீவர்ஷினி ரோகிணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சோணையம்மாள் சற்றுத் தள்ளி மடைக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கதிர். அதைப் பிதுக்கிப் பார்ப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தாள். உக்கிரபாண்டி வருவதைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“புகார் குடுக்கலாம் தம்பி, நானே எழுதித் தாரேன்,” என்றாள் ரோகிணி. “அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உக்கிரபாண்டி அண்ணே முறையைத் திருப்பிக் குடுக்குறாராம். போன்ல கேப்பாரு. சோணையம்மா சம்மதம்னு அமுக்கினா இப்பவே தண்ணி திரும்பிரும். எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க.”

“திருப்பிக் குடுத்தாச் செஞ்சது இல்லைன்னு ஆயிருமா?” என்று அருள்பாண்டி ஆரம்பித்தான். கூட்டத்தில் யாரோ ‘இருப்பா’ என்றார்கள்.

உக்கிரபாண்டி கண்ணை இடுக்கிக்கொண்டு போனில் தேடி, பெரிய விரலால் ஒரு தடவை தொட்டார்.

சோணையம்மாள் மடியில் இருந்த சுருக்குப்பையை எல்லாரும் பார்த்தார்கள். அதற்குள் இருந்த பட்டன் போன் சத்தமே போடவில்லை.

டிங் என்று ஒரு சத்தம் வந்தது. அருள்பாண்டியின் சட்டைப் பையிலிருந்து.

கூட்டம் அந்தப் பையைப் பார்த்தது. அருள்பாண்டியும் குனிந்து அதைத்தான் பார்த்தான்.

“மாப்ள,” என்றான் அழகுபாண்டி, “உங்க சட்டைப் பைக்குள்ளயா சோணையம்மா குடியிருக்காக?”

இந்தத் தடவையும் யாரும் சிரிக்கவில்லை.

“அது… அம்மாவுக்கு இந்த ஆப்பு எல்லாம் தெரியாது. அதான் என் நம்பரைக் குடுத்திருக்கேன். அதுல என்ன தப்பு?”

“நம்பரைக் குடுத்தது தப்பே இல்ல,” என்றாள் ரோகிணி. “ஆனா உங்கம்மா பேரைச் சொல்லி உக்கிரபாண்டி அண்ணனுக்கு முதல்ல செய்தி போனதும் இதே போன்ல இருந்துதான். ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு அவரைத் தேர்ந்தெடுத்தீங்க. உங்கம்மாவைப் பொய்க்காரின்னு ஊருக்கு முன்னாடி சொல்ல மனசில்லாம அவரு திருடன்னு பேரு வாங்கிக்கிட்டாரு. உங்க போன்ல அந்தச் செய்தியை அழிச்சிருப்பீங்க. அவரு போன்ல இன்னும் இருக்கு. வாசிக்கவா?”

அவன் வேறு யாரையும் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தான்.

“மூணு வருசமாக் கூப்புடுறேன்,” என்றான். சத்தம் எல்லாம் எங்கோ போய்விட்டது. “எங்கூட வந்து இரும்மான்னு. பேரப்பிள்ளையப் பாக்கக்கூட வர மாட்டேங்குது. வயலு, வயலு. ஒத்தையில கெடந்து சாகுது. ஒரு போகம் பொய்ச்சுப் போனா வந்துரும்னு நெனைச்சேன். கெட்டது செய்யணும்னு செய்யல.”

“அப்ப நான்?” என்றாள் ஸ்ரீவர்ஷினி. ரோகிணியின் கையை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. முன்னால் வந்து நின்றாள். “நீங்க வீட்டுக்குக் கூப்பிட்டது உங்கம்மாவ. ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தது என்னை. அது கெட்டது இல்லையா?”

அருள்பாண்டி பைக்கை நோக்கி ஒரு அடி வைத்தான்; அவள் வழி விடவில்லை. 

“இத்தனை பேரு முன்னாடி வயித்துல அடிச்சவள்னு சொன்னீங்கல்ல. இத்தனை பேரு முன்னாடி இல்லைன்னு சொல்லுங்க.”

அவன் சொன்னான். முதலில் முணுமுணுத்தான். ‘கேக்கல’ என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. மறுபடியும், இந்தப் பிள்ளைமேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் நான் செய்தது என்று உரக்கச் சொன்னான். ஸ்ரீவர்ஷினி அப்போதுதான் அழுதாள். காலையில் அழுத அழுகை இல்லை அது.

சோணையம்மாள் கல்லிலிருந்து எழுந்து வந்தாள். மகனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவள் அவன் சட்டைப் பையை மட்டும் பார்த்தாள்.

“அமுக்கு,” என்றாள்.

அவன் போனை எடுத்து அமுக்கினான். அறைக்குள் பெட்டி ஒரு தடவை முனகியது. ஒரு ஷட்டர் இறங்கும் சத்தமும், இன்னொன்று ஏறும் சத்தமும் கேட்டன. வாய்க்காலில் தண்ணீர் கொஞ்சம் தயங்கி, பிறகு சோணையம்மாளின் வயல் பக்கம் திரும்பியது. அழகுபாண்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “எண் அதே எண்தான்க்கா,” என்றான்.

உக்கிரபாண்டி கிளம்பத் திரும்பினார். சோணையம்மாள் அவரைப் பார்க்காமல், ஆனால் அவருக்குக் கேட்கிற மாதிரி பேசினாள்.

“என்னையப் பொய்க்காரின்னு சொல்லாம நின்னீகளாமே. உங்க பயிருக்குக் கடைசியில தண்ணி எட்டலைன்னா, வீட்டுக்கு வந்து வாய் தொறந்து கேளுங்க.”

அவர் தலையை ஆட்டினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்; வேர்வை என்று நினைத்துக்கொள்வது மரியாதை.

“அம்மா, நான் இன்னிக்கே உள்ளயும் டூப்பிளா மாத்திடறேன்,” என்றாள் ஸ்ரீவர்ஷினி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “அப்புறம் யாரும் உங்க முறையைத் தொட முடியாது. முழுக்கக் கல்லுதான்.”

“வேணாம் தாயி. பிரசவம், சாவுன்னு ஒரு வீட்டுக்கு வந்தா நாங்க விட்டுக் குடுத்துத்தானே ஆகணும். கரைக்குள்ள அது இருக்கட்டும்.” சோணையம்மாள் சுருக்குப்பையை அவிழ்த்து, தேய்ந்துபோன பட்டன் போனை எடுத்து அவளிடம் நீட்டினாள். “இந்த நம்பரை மட்டும் மாத்து. என் பேருக்கு நேரா இதைப் போடு.”

“அம்மா, அதுல அந்த ஆப்பு வராதும்மா,” என்றான் அருள்பாண்டி.

“மணி அடிக்கும்ல?” என்றாள் சோணையம்மாள், இப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்து. “அது போதும். தண்ணி வேணுங்குறவுகளும் என்கிட்டயே கேக்கட்டும். நான் உங்கூட வரணும்னா நீயும் என்கிட்டயே கேளு.”

அவன் தலை குனிந்து நின்றான். ஸ்ரீவர்ஷினி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் நம்பரை அழித்துவிட்டு, சோணையம்மாளின் நம்பரைக் கேட்டுக் கேட்டுப் போட்டாள்.